கீழே ஒன்று, மேலே ஒன்று

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலை கூடிவிட்டது. குளிர் தொடங்கினால் போதும், ஜேர்மனியின் எசன் நகரிலும் சுற்றுவட்டத்திலும் இருக்கிற எங்கள் சனம் என் தொலைபேசியை விடுவதில்லை. "யோகண்ணை, புகைக்குழாய் தேவைப்படாத காஸ் கணப்பு ஒண்டு மலிவா வந்திருக்கு. வாங்கலாமோ?" என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். மறுமுனையிலிருந்து, "வாங்கீட்டம் அண்ணை" என்று மெதுவாக வரும். வாங்கி, கொளுத்தி, அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய பின் என்னிடம் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது? ஆகவே இதை எழுதி வைக்கிறேன். இனி அழைப்பவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கலாம்.

நான் புகைபோக்கி துடைத்தவன். அடுப்பும் ஹீற்றரும் ஒழுங்காக எரிகின்றனவா, எரிவதற்குக் காற்று வருகிறதா, எரிந்த புகை வெளியே போகிறதா என்று வீடு வீடாகப் போய்ச் சோதிப்பதும் இந்த நாட்டில் அந்தத் தொழிலாளியின் கடமைதான். அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு என் வயதில் பாதிகூட ஆகாத பெடியளோடு இருந்து தொழிற்பயிற்சியை முடித்தேன். என் மாமியார் ஊரில் "மருமகனுக்கு ஜேர்மன்காரற்றை வீடுகளைச் சோதிக்கிற உத்தியோகம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். புகைபோக்கி துடைக்கிற தும்புத்தடியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

உடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்குக் கறுப்புச் சட்டை, இரண்டு வரிசையில் பொன்னிறப் பொத்தான்கள். வழியில் கண்டால் ஜேர்மன்காரர் கிட்ட வந்து "தொடலாமா?" என்று கேட்டுப் பொத்தானைப் பிடித்துவிட்டுப் போவார்கள். எங்களைக் கண்டால் அதிர்ஷ்டமாம். பரீட்சைக்குப் போகிற பெட்டைகள், கல்யாணம் முடித்துக்கொண்டு வருகிற சோடிகள் எல்லாம் என் பொத்தானைத் தேய்த்திருக்கிறார்கள். எங்கள் சனத்திடம் நிலைமை வேறு. காலையில் கரிபூசிய ஆள் எதிரே வந்தால் அவர்கள் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவர்கள்கூட உள்ளே திரும்பிப் போய்விடுவார்கள்.

என் மைஸ்டர், அதாவது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான தலைமைத் தொழிலாளி, ஹெர் கிரேமர் என்பவர். பெரிய உடம்பு, சின்ன அடிகள். குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. யாரோடும் வாக்குவாதமும் கிடையாது. ஆனால் ஒரு வீட்டுக்குள் போனதும் காற்றில் ஏதோ பிழை என்று அவருக்குப் பட்டால், நேரே நடந்து போய் யன்னலைத் திறப்பார். அதன் பிறகுதான் திரும்பி நின்று, தொப்பியைக் கழற்றி, "குட்டன் டாக்" என்று வணக்கம் சொல்லுவார். வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஏன் இந்த அவசரம் என்று ஒருமுறை கேட்டேன். "வணக்கம் சொல்லிக்கொண்டு நின்ற வீடு ஒன்று இருந்தது" என்றார்.

அவர் சோதிக்கிற முறையை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. குசினிச் சுவரில் தொங்குகிற பழைய காஸ் ஹீற்றர் எரிவதற்கு அறையில் உள்ள காற்றைத்தான் எடுக்கும். எனவே முதலில் வீட்டின் யன்னல் கதவு எல்லாவற்றையும் சாத்தச் சொல்லுவார். ஹீற்றரை முழு வேகத்தில் விடுவார். அடுப்புக்கு மேலே மணத்தை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறியையும் முழு வேகத்தில் விடுவார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது கதை கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார். போதுமான நேரம் ஆனதும் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து ஹீற்றரின் மேல் வாயில் பிடிப்பார். கண்ணாடி தெளிவாக இருந்தால் புகை மேலே போகிறது. கண்ணாடியில் ஆவி படிந்தால் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது.

எங்கள் ஆட்களின் வீடொன்றில் கண்ணாடியை வைத்த உடனேயே முகம் தெரியாத அளவுக்கு மங்கியது. அந்த வீட்டு அக்கா நெத்தலிக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். கீழ்மாடி ஜேர்மன் மனுசி மணத்துக்கு முறைப்பாடு செய்கிறாள் என்று குசினிக் கதவைச் சுற்றி ரப்பர் நாடா ஒட்டி, அடியில் பழைய சீலையை உருட்டி வைத்து, யன்னல் விளிம்புக்குப் பஞ்சும் அடைத்திருந்தார். விசிறி இழுக்க, காற்று வர வேறு வழியில்லாமல் புகைக்குழாய் வழியாகவே இறங்கிக்கொண்டிருந்தது. மைஸ்டர் யன்னலைத் திறந்தார். கருவாட்டு மணம் முற்றம் முழுக்கப் பரவ, சொல்லி வைத்தாற்போல் கீழ்மாடி மனுசி மேலே ஏறி வந்தாள். மைஸ்டர் அவளிடம் பணிவாகச் சொன்னார்: "அம்மா, இந்த மணம் வருகிறவரை இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வராத நாளில் எனக்கு ஃபோன் பண்ணுங்கள்." மனுசி இறங்கிப் போனாள்.

வெளியே வந்ததும் மைஸ்டர் என்னிடம், உங்கள் ஆட்கள் ஏன் எல்லாத் துவாரத்தையும் அடைக்கிறார்கள் என்று கேட்டார். குளிர் வரும், மணம் போகும், சனம் கதைக்கும் என்றேன். மூன்றும் நியாயமான காரணங்கள்தான் என்றார்.

இனி என் சம்பந்தியின் கணப்புக்கு வருகிறேன். இது என் வேலையின் கடைசிக் குளிர்காலத்தில் நடந்தது.

என் மகள் தர்சினியும் சிவநேசனின் மகன் கஜனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். சிவநேசன் தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடைய தமக்கையாருடையது. எல்லோருக்கும் அவர் பெரியக்கா. தும்மல், பூனை, பல்லி எல்லாவற்றுக்கும் பலன் தெரிந்தவர். கல்யாணத்துக்கு நாள் பார்க்க அவர்கள் புறப்பட்ட ஒருநாள் நான் வேலை உடுப்போடு அவர்கள் வாசல் படலையடியில் போய் நின்றேன். என்னைக் கண்ட பெரியக்கா உள்ளே போய், கதிரையில் இருந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, சகுனத்தைக் கழித்த பிறகுதான் வெளியே வந்தார். நான் அதுவரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தன் ஒன்றுவிட்ட தங்கச்சியின் பொன்னுருக்கலில் விளக்கு அணைந்து நூந்து போனதையும், அந்தக் கல்யாணம் குழம்பியதையும் அன்றும் ஒருதரம் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவி ராணிக்கு நித்திரை இல்லை. பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். தாலிக்குரிய பொன்னைப் பத்தர் உருக்க, விளக்கு பக்கத்தில் எரியவேண்டும். அது நூந்தால் பெரியக்கா என்ன சொல்லுவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சிவநேசன் ஒரு பழைய வீட்டை வாங்கித் திருத்தியிருந்தார். மூன்று கண்ணாடி போட்ட யன்னல்கள், வெளிச்சுவர் முழுக்கக் குளிர் தடுக்கும் போர்வை, ஒரு நூல் காற்று உள்ளே வராது. அந்த வீட்டில் அருமையான புகைபோக்கி ஒன்று இருந்தது. சாமித்தட்டு வைக்க இடம் காணாது என்று அதை இடித்துவிட்டார். இடித்த பிறகுதான் அவருக்குக் கணப்பு வைக்கும் ஆசை வந்தது. சில்லு வைத்த பெட்டி, உள்ளே காஸ் சிலிண்டர், முன்னால் கண்ணாடிக்குள் பொய் விறகு, அதற்கு மேல் நிசமான நெருப்பு. புகைக்குழாய் கிடையாது. எரிந்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயே வரும். வேண்டாம் என்றேன். "வாங்கீட்டன் அண்ணை" என்றார்.

சம்பந்தியோடு சண்டை பிடிக்க முடியுமா? கையேட்டை வாங்கி அவருக்கு வாசித்துக் காட்டினேன். அறை பெரிதாக இருக்கவேண்டும், வெளிச்சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக எப்போதும் திறந்திருக்கும் இரண்டு துவாரங்கள் வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது.

"ரெண்டு எதுக்கண்ணை? ஒண்டு காணாதே?"

"காணாது. கீழால புதுக்காத்து வரோணும். மேலால பழங்காத்து போகோணும். ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டா வாறவனும் போறவனும் முட்டுப்பட்டுக்கொண்டு நிப்பினம்."

தலையாட்டினார். இரண்டையும் துளைத்து அழகான வலையும் போட்டார். நானே போய்ப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அந்தத் திருப்தியோடுதான் பொன்னுருக்கலுக்குப் போனேன்.

வெளியே பனி கொட்டிக்கிடந்தது. பட்டுவேட்டியும், சம்பந்தி வீட்டார் தந்த சிவப்புக்கரைச் சால்வையும் கட்டிக்கொண்டு போனேன். காற்றிலுள்ள நச்சை அளக்கிற சின்னக் கருவி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். நிறமும் இல்லாமல் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லுகிற வாயு ஒன்று இருக்கிறது, அரைகுறையாக எரிகிற எந்த நெருப்பிலும் அது வரும், அதற்காகத்தான் இந்தக் கருவி. "பட்டுச் சட்டைப் பைக்குள்ளையும் இந்தச் சனியனோ?" என்று ராணி கேட்டாள். அவள் கேட்கக் கேட்கப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கூடத்தில் சனம் நிறைந்திருந்தது. சுவரோடு தங்கநிறத் துணி கட்டி அலங்கரித்து, அதற்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றியிருந்தார்கள். சுடர் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஆடியது. பெரியக்கா கணப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி, "விளக்குக்குக் காத்துப் படுது" என்றார். ராணியின் முகம் கறுத்தது. நான் சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு, பத்தரின் காருக்கு இடம் காட்ட வெளியே போனேன். திரும்பி வந்தபோது சால்வையைக் காணவில்லை.

"இஞ்சை போட்டனான், எங்கை அது?"

"எங்கையாவது கிடக்கும். பேசாமல் இருங்கோ" என்றாள் ராணி, என் முகத்தைப் பார்க்காமல்.

குளிருமே என்று நினைத்தேன். குளிரவில்லை. விளக்கைப் பார்த்தேன். சுடர்கள் எல்லாம் அசையாமல் நிமிர்ந்து நின்றன. எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் காற்றுத் துவாரம் உள்ள அறையில் சுடர் ஆடாமல் நிற்பது எங்கள் தொழிலில் நல்ல செய்தி இல்லை. கீழ்த் துவாரம் இருந்த இடத்தை வாழைமரமும் சோபாவும் மறைத்திருந்தன. மேல் துவாரம் தங்கத் துணிக்குப் பின்னால் இருந்தது. பெண்ணின் தகப்பன் சபை நடுவே சோபாவை இழுத்துப் பார்க்க முடியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குள் பத்தர் சட்டியில் கரியைப் போட்டுக் கொளுத்தினார். காஸ் விளக்கால் உருக்குவதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியக்கா முறைப்படிதான் வேண்டும் என்றாராம். பத்தர் ஊதுகுழலால் ஊத, கரி சிவந்தது. இந்தப் பக்கம் காஸ் கணப்பு தன்பாட்டில் நூந்தது. காற்று கெட்டுப்போனால் தானே நூந்து போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அது தன் கடமையைச் செய்தது. சிவநேசனின் மச்சான் குமார் எழும்பிப் போய்த் திரும்பக் கொளுத்தினார். மறுபடி நூந்தது. மறுபடி கொளுத்தினார். "மலிவுச் சாமான் எண்டா இப்பிடித்தான்" என்று சிரித்தார்.

சனம் கொட்டாவி விட்டது. ஒரு தாய் தலையிடிக்கிறது என்றாள். பக்கத்திலிருந்தவள் கண்பட்ட நாவூறு என்றாள். பெரியக்கா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். கும்பிடுகிறார் என்று எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். அப்போது என் பை கத்தத் தொடங்கியது. எல்லோரும் தங்கள் தங்கள் போனைத் தேடினார்கள். நான் கருவியை எடுத்துப் பார்த்தேன். அளவு எல்லையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

எழும்பினேன். சிவநேசன் என் கையைப் பிடித்தார். "அண்ணை, பொன் உருகிற நேரம். கொஞ்சம் பொறுங்கோ." ராணி எனக்கு முன்னால் வந்து நின்று, "இஞ்சாருங்கோ, விளக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் என் மகளின் கல்யாணம் முழுக்க இருந்தது. தோட்டத்துப் பெரிய கதவைத் திறந்தால் விளக்கு நூரும். விளக்கு நூந்தால் பெரியக்கா. இவர்களுக்கெல்லாம் விளங்கப்படுத்திவிட்டுத் திறப்போமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தபோதே மைஸ்டர் தொப்பியைக் கழற்றுகிற காட்சி கண்ணில் வந்தது. முதலில் யன்னல். பிறகு குட்டன் டாக்.

ராணியை விலக்கிவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தேன். பனிக்காற்று ஓடி வந்தது. குத்துவிளக்கு ஒரே மூச்சில் நூந்தது. சபையில் இருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. நான் கணப்பின் காஸை மூடினேன். "எல்லாரும் வெளியில போங்கோ. பிறகு என்னை ஏசுங்கோ" என்றேன். பத்தர் குறட்டால் கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லோரும் எழும்பினார்கள், பெரியக்கா எழும்பவில்லை. கஜன் அவரைக் கதிரையோடு தூக்கிப் பனிக்குள் கொண்டுபோய் வைத்தான். நான் அவசர உதவியை அழைத்தேன். ராணி பெரியக்காவின் கால்களைத் தன் முந்தானையால் சுற்றிக்கொண்டு அழுதாள். மகளின் கல்யாணத்துக்காக அழுதாளா, பெரியக்காவுக்காக அழுதாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தீயணைப்புக்காரரும் வைத்தியரும் வந்தார்கள். பட்டுச்சேலைகளையும் தாம்பாளங்களையும் தாண்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். பெரியக்காவுக்கு மூச்சுக்காற்று முகமூடி போட்டதும் கண் திறந்தார். எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் உள்ளே நூந்த விளக்கு திறந்த கதவால் தெரிந்துகொண்டிருந்தது.

தீயணைப்புக்காரர் ஒருவர் சோபாவை இழுத்து, சுவரடியில் குனிந்து, கீழ்த் துவாரத்திலிருந்து எதையோ இழுத்தார். நீளமாக வந்துகொண்டே இருந்தது. சிவப்புக்கரை. வாசலில் நின்று அதை உயர்த்திப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டார். சம்பந்தி வீட்டார் தந்த சால்வையைச் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாதா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் போய்த் துவாரத்தைத் திறந்துவிடுகிறவனின் சால்வை துவாரத்துக்குள் இருந்தால் நான் என்ன சொல்ல? என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

ராணி முந்திக்கொண்டாள். "நான்தான் அடைச்சனான். பிள்ளையின்ரை விளக்கு ஆடிச்சுது, பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. மேல ஒண்டு கிடக்குத்தானே எண்டு நினைச்சன்."

சிவநேசன் ராணியைப் பார்த்துத் தலை குனிந்தார். "மேல நான் ஒட்டீட்டன் அக்கா. விடியவே, துணி கட்டேக்கை. கீழ ஒண்டு கிடக்குத்தானே எண்டு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் பெரியக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவருடைய வாயைத்தான் எல்லோரும் பார்த்தோம். முகமூடியைக் கழற்ற வேண்டாம் என்று வைத்தியர் சொல்லச் சொல்லக் கழற்றினார்.

"விளக்கு நூந்தா நெருப்புப்பெட்டி கிடக்கு" என்றார். "நான் நூந்திருந்தா என்ன கிடக்கு? பத்தரைக் கூப்பிடு. நேரம் முடியேல்லை. இஞ்சை வெளியில வைச்சு உருக்கட்டும்."

விளக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். ஏற்றுவதும் காற்று நூர்ப்பதுமாக இருந்தது. பிறகு எல்லோரும் அதைச் சுற்றி நெருக்கமாக நின்றோம். நான் சால்வையை விரித்துப் பிடித்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி இருந்தது. என்ன நடக்கிறது என்று விளங்காமலேயே ஒரு தீயணைப்புக்காரர் அங்கே வந்து தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் காற்றுக்குக் குறுக்கே பிடித்தார். விளக்கு நின்றது. பொன்னும் உருகியது. பெரியக்கா குனிந்து பார்த்து, நல்ல உருண்டையாக வந்திருக்கிறது என்றார். பிறகுதான் வைத்தியசாலைக்குப் போகச் சம்மதித்தார். மறுநாள் வீடு திரும்பிவிட்டார்.

அந்தக் கணப்பு இப்போது சிலிண்டர் இல்லாமல் கராஜில் நிற்கிறது. கண்ணாடிக்குள் பொய் விறகுக்கு மேல் பெரியக்கா பூச்சாடி வைத்திருக்கிறார். இரண்டு துவாரங்களையும் மூடவேண்டாம் என்று சிவநேசன் சொல்லிவிட்டார். கணப்பு எரியாத வீட்டுக்கு அவை தேவையில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீடு குளிர்கிறது.

கல்யாணத்துக்கு முந்திய கிழமை, வேலை முடித்து வருகிற வழியில், ராணி தந்துவிட்ட பலகாரப் பெட்டியோடு அவர்கள் படலையடிக்குப் போனேன். உடம்பெல்லாம் கரி. பெரியக்கா எங்கேயோ புறப்பட்டு வாசலுக்கு வந்தார். என்னைக் கண்டு நின்றார். எனக்குப் பழக்கம்தானே, அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்று படலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்து, வெள்ளைச் சேலை கரியாகாதபடி ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"உள்ளை வா யோகன்" என்றார். "யன்னல் திறந்துதான் கிடக்கு."